பேரேட்டில் ஒரு பாம்பு

எனக்குப் பாம்பு என்றால் பயம். நிஜப் பாம்பு வேண்டாம், டி.வி.யில் நெளிந்தாலே காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொள்கிற ஜாதி. அப்படிப்பட்ட நான் கடந்த மூன்று வருஷமாக நூற்றுச் சொச்சம் மலைப்பாம்புகளுக்குக் கணக்குப்பிள்ளை!

பதற வேண்டாம். பாம்புகள் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில். நான் இருப்பது சென்னையில். நடுவில் இரண்டு சமுத்திரம் இருக்கிறது.

பி.காம். படித்துவிட்டு, பத்திரிகைக்கு எழுதினால் வருகிற காசு பெட்ரோலுக்குப் பற்றாமல், ராத்திரியில் அமெரிக்கச் சின்ன வியாபாரிகளுக்குக் கம்ப்யூட்டரில் கணக்கு எழுதுகிறேன். ஒரு பல் டாக்டர், ஒரு பீட்ஸா கடை, புல் வெட்டுகிற காண்ட்ராக்டர் ஒருவர். அந்த வரிசையில் வந்து சேர்ந்தவர்தான் நம் பாம்புக்காரர். வயது ஐம்பத்திரண்டு. பகலில் ஏ.ஸி. ரிப்பேர். சாயங்காலம் வீட்டின் நிலவறையில் பாம்பு வளர்ப்பு. குட்டி பொரிக்கவைத்து விற்கிறார். 'சார்' என்று கூப்பிட்டால் கோபம் வரும். பெயர் சொல்லிக் கூப்பிடு என்பார். நமக்கு வாய் வராது. மூன்று வருஷமாக எதுவும் சொல்லாமல் 'ஹலோ'விலேயே ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

அவர் கணக்கில் எனக்குப் பிடித்தது தலைப்புகள்தான். 'எலி, பெரியது, உறைந்தது - 200.' 'எலி, குட்டி, உறைந்தது - 500.' காமர்ஸ் படித்த மூளை யோசிக்காமல் 'கச்சாப் பொருள்' என்று எழுதிவிட்டது. தப்பில்லையே? எலி உள்ளே போகிறது, பாம்பு வெளியே வருகிறது. மாநுபாக்சரிங்!

முதல் வருஷம் ஆகஸ்ட் மாதப் பில்களில் ஒரு சீட்டு. 'வெட் - யூத் - 1 - 95 டாலர்' என்று அவர் கையெழுத்து. வெட் என்றால் வெட்டினரி டாக்டர், புரிகிறது. யூத் என்றால் இளைஞர். ஆக, ஏதோ ஓர் இளைய பாம்புக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறார் என்று முடிவு செய்து, 'மருத்துவச் செலவு - இளம் குட்டி' என்று பதிவு செய்துவிட்டேன். வருஷக் கடைசியில் அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.

"யூத்தனேசியா" என்றார்.

கருணைக்கொலை. ஐம்பது டாலர் கூடப் பெறாத ஒரு குட்டிப் பாம்புக்கு, தொண்ணூற்றைந்து டாலர் செலவில். எந்த ஆடிட்டர் வேண்டுமானாலும் கேட்பார், நானும் கேட்டேன்: "நஷ்டமில்லையா?"

அதற்கு அவர் பதில் சொல்ல ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

அவர் வளர்ப்பது பால் பைத்தான். பால் என்றதும் புற்றுக்கு ஊற்றுகிற ஞாபகம் வேண்டாம். பயந்தால் பந்து மாதிரி சுருண்டு, தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும், அதனால் அந்தப் பெயர். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் சாதுவான மலைப்பாம்பு. விஷம் கிடையாது. வளர்ந்தாலும் பெரும்பாலும் நாலைந்து அடிதான். பாங்காக் விமானத்தில் வந்த சூட்கேஸில் மலைப்பாம்புக் குட்டிகள் என்று மீனம்பாக்கம் செய்தி படித்திருப்பீர்களே, அதில் பல தடவை மாட்டியது இந்த ஜாதிதான்.

காட்டில் இருப்பது கறுப்பும் பழுப்புமாக, நம்ம ஊர் சிமென்ட் தொட்டி நிறம். ஆனால் 1992ல் வெள்ளையும் மஞ்சளுமான அல்பினோ ஒன்றை அமெரிக்காவில் பொரிக்க வைத்தார்கள். பிடித்தது பைத்தியம். அடுத்தடுத்து புள்ளி, கோடு, தேன் நிறம், சுத்த வெள்ளை என்று ஆயிரக்கணக்கான டிசைன்கள். புடவைக் கடை தோற்றது. ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு பெயர், ஒரு விலை. புதுசாக வந்தால் கார் விலை. நாலு வருஷத்தில் எல்லோரும் வளர்த்துவிட்டால் செருப்பு விலை. நம்மவர் மாதிரி நிலவறை வியாபாரிகள் இந்த இரண்டு விலைக்கும் நடுவில் பிழைக்கிறார்கள்.

பெண் பாம்பு ஒரு தடவைக்கு ஐந்தாறு முட்டை இடும். இன்குபேட்டரில் முப்பத்தோரு, முப்பத்திரண்டு டிகிரியில் வைத்தால் சுமார் இரண்டு மாதத்தில் பொரியும். சூடு கொஞ்சம் ஏறினாலும் தகராறு. முதுகெலும்பு நெளிந்து முடிச்சு விழுந்த குட்டி வரும். சில சமயம் எந்தக் காரணமும் தெரியாமலே வரும். கண்ணில்லாமல் ஒன்று, தாடை கோணலாக ஒன்று, மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகாமல் வெளியே தொங்கிக்கொண்டு ஒன்று.

"ரொம்ப மோசமானதில் எனக்குச் சங்கடமே இல்லை. பார்த்த உடனே தெரியும், முடிவும் உடனே. கஷ்டம் நடுவில் இருப்பதுகள்தான்" என்றார்.

நடுவில் இருப்பது என்றால்? முதுகில் ஒரே ஒரு முடிச்சு. சாப்பிடுகிறது, நகர்கிறது. இது இருபது, முப்பது வருஷம் நன்றாக வாழலாம். அல்லது பெரிதானதும் விழுங்கிய எலி அந்த முடிச்சைத் தாண்டாமல் அடைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு அதன் வயது நாலு நாள், எடை அறுபது கிராம். ஜோசியம் பார்த்தா சொல்ல முடியும்?

நாய் என்றால் முனகும். பூனை மூலையில் போய் உட்காரும். மாடு கண்ணில் தண்ணீர் விடும் என்று என் பாட்டி சத்தியம் செய்வாள். பாம்புக்கு முகபாவம் கிடையாது, இமை கிடையாது, குரல் என்று எடுத்தால் 'உஸ்' ஒன்றுதான். வலியைக் காட்டிக்கொள்ளாமல் மறைப்பதுதான் காட்டில் அதற்குப் பிழைக்கிற வழி. அதனால் பாம்புக்காரர் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். தானாகச் சாப்பிடுகிறதா, எடை ஏறுகிறதா, கழிவு போகிறதா, நாக்கை நீட்டி வாசனை பார்க்கிறதா, மல்லாக்கப் போட்டால் தானே புரண்டு நிமிர்கிறதா. ஒவ்வொரு குட்டிக்கும் வாராவாரம் எழுதுகிறார். என்னிடம் அனுப்புகிற பில்களை ஷூ டப்பாவில் அள்ளிப்போட்டு அனுப்புகிற அதே ஆசாமி!

சரி, முடிவு எடுத்தாகிவிட்டது. அப்புறம்?

அந்தக் காலத்தில் பாம்பு வளர்ப்பவர்களிடையே ஒரு சுலப வழி இருந்தது. ஃப்ரீஸர். குளிர் ரத்தப் பிராணி, குளிரில் மந்தமாகும், தூங்கும், அப்படியே போய்ச் சேரும், அமைதியான சாவு என்று எல்லோரும் நம்பினார்கள். நம்மவரும் இருபது வருஷத்துக்கு முன்னால் செய்திருக்கிறார். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது.

அசையாமல் இருப்பதும் உணராமல் இருப்பதும் ஒன்றா என்பதுதான் கேள்வி. உடம்பு குளிர்ந்து தசை வேலை செய்யாமல் போகலாம். ஆனால் திசுக்களுக்குள் ஐஸ் ஊசிகள் உருவாகும்போது நரம்பு இன்னும் விழித்திருந்தால்? அமெரிக்க வெட்டினரி டாக்டர்கள் சங்கத்தின் கருணைக்கொலை விதிகள் 2020ம் வருஷப் பதிப்பு வரை இதில் கறார். விழிப்போடு இருக்கிற பாம்பை ஃப்ரீஸரில் வைத்துக் கொல்வது கூடாது. சில கிராமே எடையுள்ள மிகச் சின்னப் பிராணிகளைத் திரவ நைட்ரஜனில் கண நேரத்தில் உறைய வைப்பதற்கு மட்டும் விலக்கு. ஆஸ்திரேலியாவில் 2015ல் தேரைகளின் மூளை மின்னோட்டத்தை அளந்து பார்த்துவிட்டு, முதலில் குளிர்வித்துப் பிறகு உறைய வைத்தால் வலிக்கான அடையாளம் இல்லை என்று சில விஞ்ஞானிகள் எழுதினார்கள். சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. தேரை வேறு, பாம்பு வேறு. "சந்தேகத்தின் பலனை யாருக்குக் கொடுப்பது? எனக்கா, பாம்புக்கா?" என்றார் மனிதர். நான் வாயைத் திறக்கவில்லை.

ஒரே வெட்டாக வெட்டிவிட்டால்? அதிலும் ஒரு திடுக்கிடும் சமாச்சாரம். நமக்கெல்லாம் ரத்த ஓட்டம் நின்றால் சில விநாடிகளில் நினைவு போய்விடும். ஊர்வனவற்றின் மூளை அப்படியில்லை. பிராணவாயு இல்லாமல் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். தலை தனியாகப் போன பிறகும் உணர்வு மிச்சமிருக்கக்கூடும். அதனால் வெறும் வெட்டு போதாது, மூளையையும் உடனே அழிக்க வேண்டும் என்கிறது அதே விதிப்புத்தகம். நம் கிராமத்தில் அடித்துப்போட்ட பாம்பின் தலையை ஏன் தனியாக நசுக்கிப் புதைத்தார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அவர்கள் பயந்தது பழிவாங்கலுக்கு. ஆனாலும்...

ஒழுங்கான வழி, வெட்டினரி டாக்டர்தான். மயக்கம் கொடுத்து, அதன் மேல் பென்டோபார்பிட்டால் ஊசி. கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, கடையில் கிடைக்காது. ஊசி போட்ட பிறகும் டாக்டர் "முடிந்தது" என்று சட்டென்று சொல்லமாட்டார். மூளை நின்ற பிறகும் பாம்பின் இதயம் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும். டாப்ளர் கருவி வைத்துக் கேட்பார்கள். சில இடங்களில் ராத்திரி முழுக்க வைத்திருந்து மறுநாள்தான் உடலைக் கொடுப்பார்கள்.

ஆனால் எல்லா நாய் டாக்டரும் பாம்பு டாக்டர் ஆகிவிட முடியாது. நம்மவர் ஊரில் இருக்கிற டாக்டரம்மா பாம்பு என்றதும் என் கட்சி, காலைத் தூக்கிவிடுவார். பாம்பு பார்க்கிற டாக்டர் எழுபது மைல் தள்ளி. ஐஸ்பெட்டிக்குள் ஐஸுக்குப் பதில் வெந்நீர் பாட்டில் வைத்து, துணிப்பையில் அந்த அறுபது கிராம் குட்டியைப் போட்டு, போக எழுபது, வர எழுபது. சாகப்போகிற பாம்பு குளிரில் வாடக் கூடாதாம்!

அவர் மனைவிக்கே இது முதலில் புரியவில்லையாம். "வாரம் நாற்பது எலியை ஒரு வார்த்தை பேசாமல் பாம்புக்குப் போடுகிறீர்கள். ஒரு பாம்புக்கு மட்டும் ஏன் இந்த அமர்க்களம்?" நியாயமான கேள்வி. எலிகளை விற்கிற கம்பெனி கார்பன் டை ஆக்சைடு வைத்துக் கொன்று, உறையவைத்து, பிளாஸ்டிக் பையில் அனுப்புகிறது. அது அங்கே எப்படி நடக்கிறது என்று இவர் போய்ப் பார்த்ததில்லை. "பார்த்திருக்க வேண்டும்" என்றார். நான் போன வாரம் வாங்கிய கோழியைப் பற்றி யோசித்துவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

"நடுவில் இருக்கிற குட்டியை யாருக்காவது சும்மா கொடுத்துவிட்டால் என்ன?"

"கொடுத்திருக்கிறேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய தப்பு."

சும்மா கிடைக்கிற பாம்புக்குக் கூண்டு வாங்க ஆள் செலவு செய்யமாட்டான். சூடு தருகிற விரிப்பு வாங்கமாட்டான். ஒரு கல்லூரிப் பையன் முடிச்சு முதுகுப் பாம்பை 'செல்லமாக மட்டும் வளர்ப்பேன்' என்று வாங்கிப் போனான். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் அதை ஜோடி சேர்த்துக் குட்டி விற்றுக்கொண்டிருக்கிறான். முடிச்சு வம்சத்தில் வருமா என்பது அப்புறம். சொன்ன வாக்கு என்ன ஆச்சு? இப்போது கொடுப்பதானால் தெரிந்த மூன்று பேருக்கு மட்டும், குறையை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. மூன்று பேர் வீட்டிலும் இடம் நிறைந்துவிட்டது.

இங்கேதான் ஸ்பைடர் கதை வருகிறது.

ஸ்பைடர் என்பது ஒரு டிசைன். உடம்பு முழுக்கச் சிலந்தி வலை போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடுகள். 1999ல் அறிமுகமானபோது அழகு ராணி. இதற்கு இன்னொரு வசதி, ஸ்பைடரை எந்தச் சாதாரணப் பாம்போடு சேர்த்தாலும் சராசரியாகக் குட்டிகளில் பாதி ஸ்பைடர். வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் ஸ்பைடர் தலை ஆடும். சிலதுக்கு லேசாக, சிலதுக்குத் தலை திருகி மேலே பார்த்தபடி நின்றுவிடும். எலியைக் குறிவைத்துப் பாய்ந்தால் டப்பாவின் சுவரில் போய் முட்டும். பல வருஷம் வியாபாரிகள் 'அது ஒரு ஸ்டைல்' என்று சமாளித்தார்கள். 2022ல் வந்த ஓர் ஆய்வில் நுண்ணிய ஸ்கேன் எடுத்துக் காட்டிவிட்டார்கள். இந்தப் பாம்புகளின் உள்காதில் சமநிலை உறுப்பே கோணல். அந்த அழகும் அந்த ஆட்டமும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றை விட்டு இன்னொன்றை மட்டும் வளர்க்க இதுவரை யாராலும் முடியவில்லை. அதற்கு முன்பே, 2018ல், இங்கிலாந்தின் சர்வதேச ஹெர்பெட்டாலஜிகல் சொஸைட்டி தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனைக்குத் தடை போட்டது.

பல்லி வளர்ப்பவர்களுக்கும் இதே மாதிரி ஓர் அடி விழுந்தது. புள்ளிப் பல்லிகளில் 'லெமன் ஃப்ராஸ்ட்' என்று எலுமிச்சை மஞ்சளில் ஒரு புது ரகம், 2015 வாக்கில் வந்தது. ஆசையாய் வாங்கிப் பெருக்கினார்கள். கொஞ்ச நாளில் தோலில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். வளர்த்தவரே கலிபோர்னியாப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளுக்கு உதவினார். 2021ல் முடிவு வந்தது. இந்தப் பல்லிகளில் எண்பது சதவிகிதத்துக்கு மேல் கட்டி வருகிறது, நிறத்தைத் தருகிற அதே மரபணுக் கோளாறுதான் காரணமாகத் தெரிகிறது. அந்த மரபணுவுக்கு மனிதர்களின் தோல் புற்றுநோயோடும் உறவு உண்டாம். விஞ்ஞானத்துக்கு லாபம். பல்லிக்கு?

நம்மவரிடம் ஒரு ஆண் ஸ்பைடர். வாங்கிப் பதினான்கு வருஷம். லேசான ஆட்டம்தான், நன்றாகச் சாப்பிடும். ஐந்தொகையில் அதைச் சொத்து என்று போட்டு, தேய்மானம் கழிக்க நான் ஒருமுறை கேட்டேன்: "ஆயுள் எத்தனை வருஷம் போடட்டும்?" "முப்பது போடு. செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில் 2020ல் அறுபது வயது தாண்டிய ஒரு கிழவி ஏழு முட்டை போட்டிருக்கிறாள்" என்றார். நிஜம்தான். பல வருஷமாக ஆண் பாம்பைப் பார்க்காத கிழவி. வருமான வரிச் சட்டத்தில் இதற்கெல்லாம் இடமில்லை.

முதல் வருஷம் பில்லில் பார்த்தேனே 'யூத்', அது இந்த ஆண் ஸ்பைடரின் குட்டி. ஐந்து குட்டிகளில் மூன்று ஸ்பைடர். அதில் ஒன்றுக்கு ஆட்டம் உச்சம். மல்லாக்கப் போட்டால் புரளத் தெரியாது. பாய்ந்தால் இரை எந்தப் பக்கம் என்று தெரியாது. வாயைத் திறந்து ஊட்டினால் விழுங்கும். ஏழு வாரம் ஊட்டினார். நோட்டில் எடை கூட ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதுதான் அவரைக் குழப்பியது. சாப்பிடுகிற உயிரை எப்படி?

எட்டாவது வாரம் தூக்கிக்கொண்டு போனார்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"'உங்கள் முடிவு, நான் தப்பு என்று சொல்லமாட்டேன்' என்றார். அவ்வளவுதான். தப்பில்லை என்று சொல்வதும் சரி என்று சொல்வதும் வேற வேற என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது."

இன்னொரு வகைச் சங்கடமும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். போவா, மலைப்பாம்புகளுக்கு ஐ.பி.டி. என்றொரு தொற்று. காரணமான வைரஸ்களை 2012ல் சான்பிரான்சிஸ்கோ விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. போவாக்கள் சில, வெளியே ஒன்றும் தெரியாமல் வருஷக்கணக்கில் சுமந்துகொண்டு திரியும். மலைப்பாம்புக்கு வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே முடிந்துவிடும். அடுக்கு அடுக்காக டப்பா வைத்திருக்கிற நிலவறையில், பார்க்க ஆரோக்கியமாக இருக்கிற ஒரு போவாவுக்கு 'பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்தால்? நோயில்லாத நூறைக் காப்பாற்ற, வலியே இல்லாத ஒன்றை... நம்மவர் நண்பருக்கு நடந்தது. அவர் போவாவைக் கொல்லவில்லை, அண்ணன் வீட்டு மாடியில் தனி அறை கொடுத்தார். அண்ணி இன்னும் பேசுவதில்லையாம்.

இந்தக் கதையெல்லாம் கேட்டுவிட்டு என் அம்மாவிடம் சொன்னேன். அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் நாகாத்தம்மன் கோயிலுக்குப் போகிறவள். கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"பாம்பைக் கொன்னா ஏழு ஜென்மத்துக்கு நாகதோஷம்டா."

"ஊனமாப் பொறந்ததும்மா. கஷ்டப்படக் கூடாதுன்னு டாக்டர்கிட்ட கொண்டு போயிருக்காரு."

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஊனமாப் பொறக்கும்னு முன்னாடியே தெரியுமா அவருக்கு?"

இந்தக் கேள்வியை நான் அவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். எங்கம்மா கேட்டதாகவே சொன்னேன், அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. போனில் ரொம்ப நேரம் சத்தமில்லை. லைன் போய்விட்டதோ என்று 'ஹலோ ஹலோ' என்றேன்.

"தெரியும்" என்றார். "பாதிக்கு ஆட்டம் இருக்கும் என்று தெரியும். எதற்கு எவ்வளவு என்று தெரியாது, அவ்வளவுதான். டாக்டர் டேபிளில் நான் எடுத்த முடிவு சின்னது. நவம்பர் மாதம் ஆண் பாம்பைத் தூக்கிப் பெண் பாம்பு டப்பாவில் போட்டேனே, பெரிய முடிவு அது. அப்போது நான் டாக்டர் யாரையும் கேட்கவில்லை."

அந்த வருஷக் கணக்கு முடிக்கும்போது டாக்டர் சீட்டை மறுபடி எடுத்தேன். அமெரிக்காவில் வியாபார வேலையாகக் கார் ஓட்டினால் மைலுக்கு இவ்வளவு என்று செலவில் கழித்துக்கொள்ளலாம். எலி வாங்கப் போனதைக் கூட மைல் கணக்குப் போட்டு எழுதி வைக்கிற மனிதர், அந்த நாளை மட்டும் விட்டிருந்தார்.

"நூற்று நாற்பது மைல் விட்டுப் போச்சே, சேர்க்கட்டுமா?"

"வேண்டாம். அதை எழுதாதே."

போன வருஷம் ஸ்பைடர் குட்டி விற்பனை பூஜ்யம். வருமானம் ஏறத்தாழ மூவாயிரம் டாலர் குறைவு. ஐந்து வருஷத்தில் மூன்று வருஷமாவது லாபம் காட்டாவிட்டால், இது வியாபாரமா பொழுதுபோக்கா என்று அமெரிக்க வரி ஆபீஸ் சந்தேகப்படும் என்று எச்சரித்தேன். பார்த்துக்கொள்ளலாம் என்றார். புதுசாக இன்குபேட்டருக்கு ஒரு நல்ல தெர்மோஸ்டாட் வாங்கியிருக்கிறார், பில் ஷூ டப்பாவில் வந்தது. ஆண் ஸ்பைடர் அதே டப்பாவில் இருக்கிறது, பத்து நாளைக்கு ஒரு எலி. குட்டி போட வழியில்லாத சொத்துக்குத் தேய்மானம் கழிக்க முடியாது, அதனால் சொத்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். அதன் எலிச் செலவை மட்டும் எந்தத் தலைப்பில் போடுவது என்று கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்ததும் கேட்கிறாள்: "அந்தத் தலையாட்டிப் பாம்பு சாப்பிட்டுச்சாடா?"